கார்டு விலை ஏறியிருக்கிறது, பணம் எங்கே?

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கும் 35 வயது வாசகர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, கூடவே ஓர் எக்செல் தாளையும் இணைத்திருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, யூடியூப் பார்த்து, ஆட்டக்காரர்களின் படம் போட்ட, சேகரிப்பாளர்கள் வாங்கி விற்கும் விளையாட்டு கார்டுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறார். முதலில் காற்பந்து, அப்புறம் என்.பி.ஏ. கூடைப்பந்து. இப்போது கையில் 140 கார்டு. பாதிக்கு மேல் கிரேடிங் செய்து, அதாவது நிறுவனம் ஒன்றிடம் அனுப்பித் தரத்துக்கு மதிப்பெண் வாங்கி, ஸ்லாப் எனும் கெட்டி பிளாஸ்டிக் உறையில் அடைத்தவை. போட்ட பணம் 61,500 ரிங்கிட் என்கிறார். அதில் 14,000 கிரெடிட் கார்டு கடன், 8,000 ஊழியர் சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கில் எடுத்தது, 10,000 அக்கா கொடுத்தது, மீதி சம்பளமும் போனஸும். கைப்பேசிச் செயலி இன்றைய மதிப்பு 84,000 ரிங்கிட் என்று காட்டுகிறது. கூடைப்பந்து கார்டு வெளியிடும் உரிமம் டாப்ஸ் என்ற கார்டு நிறுவனத்துக்கே திரும்பிவிட்டதால் சீல் உடைக்காத கார்டுப் பெட்டிகளை இப்போதே வாங்கிப் போடவேண்டும், அதற்கு வங்கியில் 50,000 கடன் எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. வேலையிடத்து நண்பர்கள் மூவர் ஆளுக்கு 3,000 தரத் தயாராம், சேர்த்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. மூன்றாவது, முகநூல் குழுவில் 4,200 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஒரு ஸ்லாப் போலி என்று தெரியவந்திருக்கிறது, என்ன செய்வது? லாபத்துக்கு வரி உண்டா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறார். தாதியாக வேலை செய்யும் மனைவி, "காகிதத்துக்கு வட்டி கட்டுறீங்க" என்கிறாராம். "அவளுக்கு இந்த மார்க்கெட் புரியாது மேடம், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி,

உங்கள் மனைவிக்கு எடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு பாராட்டு. இந்தப் பொழுதுபோக்கில் பணம் போட்ட எத்தனையோ பேரிடம் கணக்கே இருக்காது. நீங்கள் ஒவ்வொரு கார்டுக்கும் வாங்கிய தேதி, விலை, அன்றைய டாலர் மாற்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தத் தாள் இருப்பதால்தான் இந்தப் பதிலை எழுத முடிந்தது.

எக்செல் தாளின் அடியில்

கடைசி வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறீர்கள்: 'லைவ் பிரேக் 11,000, கிரேடிங் + தபால் 3,600, சேர்க்கவில்லை.' ஏன் சேர்க்கவில்லை என்பதற்குக் கடிதத்தில் காரணமும் இருக்கிறது. பிரேக் என்பது பொழுதுபோக்குச் செலவாம், கிரேடிங் என்பது மதிப்பைக் கூட்டும் செலவாம்.

பிரேக் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நேரலையில் ஒருவர் விலையுயர்ந்த பெட்டியைப் பிரிப்பார். பார்ப்பவர்கள் முன்கூட்டியே ஆளுக்கு ஓர் அணியையோ ஓர் இடத்தையோ காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். தங்கள் அணி ஆட்டக்காரரின் கார்டு வந்தால் அது அவர்களுக்கு. வராவிட்டால் ஒன்றும் இல்லை. இதற்கும் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நாலு நம்பரில் சீட்டு எடுத்தவர் அதை முதலீடு என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பிரேக்கில் நல்ல கார்டு விழுந்தபோது அதைச் செயலியில் ஏற்றியிருக்கிறீர்கள். ஒன்றும் விழாத இரவுகளை ஏற்றவில்லை. வரவில் சேர்த்ததைச் செலவிலும் சேர்க்கவேண்டும். 61,500-உடன் 11,000-ஐயும் 3,600-ஐயும் கூட்டினால் 76,100. கிரெடிட் கார்டில் இருக்கும் 14,000-க்கு 18 சதவீத வட்டி என்றால் மாதம் 210 ரிங்கிட். இரண்டு ஆண்டாகக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி, மிஞ்சிய இடத்தில் திரும்பவும் தேய்த்து, கடனை அதே அளவில் வைத்திருக்கிறீர்கள். அந்த வகையில் வட்டி மட்டும் ஏறத்தாழ 5,000. ஆக 81,000-ஐத் தாண்டிவிட்டது. செயலி காட்டும் 84,000 அப்படியே கைக்கு வந்தாலும் லாபம் 3,000-க்கும் கீழே. 22,500 இல்லை.

அப்படியே கைக்கு வராது என்பதுதான் அடுத்த விஷயம்.

உங்கள் தாளில் 37-ஆம் வரிசையில் உள்ள கார்டையே எடுத்துக்கொள்வோம். 2024 தொடக்கத்தில் 900 டாலருக்கு வாங்கியது. அப்போது டாலர் 4.70 ரிங்கிட், எனவே 4,230 ரிங்கிட். கடைசியாக அதே கார்டு 1,000 டாலருக்கு விற்றதாகச் செயலி சொல்கிறது, நீங்களும் பச்சை நிறத்தில் '11 சதவீத ஏற்றம்' என்று குறித்திருக்கிறீர்கள். சரி, விற்றுப் பார்ப்போம். ஈபே கட்டணம் சுமார் 13 சதவீதம், 870 டாலர் மிஞ்சும். காப்புறுதியோடு தபாலுக்கு 30 என்று வைப்போம், 840. பணத்தை ரிங்கிட்டாக மாற்றும்போது இடையில் இருப்பவர் 3 சதவீதம் எடுத்தால் 815 டாலர். டாலர் இப்போது 4.20 என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 3,423 ரிங்கிட். விலை ஏறிய கார்டில் 800 ரிங்கிட்டுக்கு மேல் நட்டம்! 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 1998-க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் அதிகம் வாங்கியிருக்கிறீர்கள். கார்டில் மட்டும் பந்தயம் கட்டவில்லை, ரிங்கிட் மேலும் விழும் என்றும் கட்டியிருக்கிறீர்கள், தெரியாமலே.

அதோடு 140 கார்டில் 11 கார்டுதான் மொத்த மதிப்பில் பாதியைத் தாங்குகிறது. மீதி 129-இல் பலவும் நூறு ரிங்கிட்டுக்குள். அவற்றைத் தனித்தனியாகப் பொதிந்து அனுப்பி விற்றால் கூலிகூட மிஞ்சாது. மொத்தமாகக் கொடுத்தால் வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்பார். என் கணிப்பில், எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் விற்றால் 45,000 முதல் 55,000 ரிங்கிட் வரை கையில் நின்றால் நல்லது.

மிக்கி மேன்டல் கதை

"1952 கார்டு ஒன்று 12.6 மில்லியன் டாலருக்குப் போயிருக்கிறது, இது எந்தப் பங்குச் சந்தையில் நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். 2022 ஆகஸ்டில் ஏலம் போன, பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேன்டலின் டாப்ஸ் கார்டு அது. விற்றவர் 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியவர். ஆனால் அந்தக் கார்டு ஏன் அரிதாயிற்று என்ற கதையை யூடியூப்காரர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1952-இல் சிறுவர்கள் அதைச் சுவிங்கத்தோடு வாங்கினார்கள். சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-இல் டாப்ஸ் நிறுவனமே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியது. இது முதலீடு என்று யாரும் நினைக்காததால்தான் நல்ல நிலையில் ஒரு சிலவே மிஞ்சின.

உங்கள் கார்டு எப்படிப் பிறக்கிறது? உறையைக் கிழித்த அடுத்த வினாடி மெல்லிய உறைக்குள், அப்புறம் கெட்டி பிளாஸ்டிக்குக்குள், அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் ஸ்லாபுக்குள். உலகம் முழுக்க உங்களைப் போல லட்சம் பேர் அதே கவனத்தோடு அதே கார்டைக் காக்கிறார்கள். யாரும் தொலைக்காத பொருள் எப்படி அரிதாகும்?

இது ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தது. 1980-களின் கடைசியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக பேஸ்பால் கார்டு வாங்கி அடுக்கினார்கள். நிறுவனங்களும் அச்சடித்துக்கொண்டே போயின. அந்தப் பெட்டிகளில் பல முப்பது ஆண்டு கழித்தும் வாங்கிய விலையைச் சுற்றியே கிடக்கின்றன. அந்தக் காலத்துக்கே 'குப்பைக் காலம்' என்ற பொருளில் சேகரிப்பாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா பட்டர்வொர்த்தில் 1990-களில் தொலைபேசி அட்டை சேர்த்தார். பொதுத் தொலைபேசியில் செருகும் கடிஃபோன் அட்டைதான். பட்டாம்பூச்சி படம் போட்டது, கொடி போட்டது, பயன்படுத்தாதது, உறை பிரிக்காதது என்று நான்கு ஆல்பம். சித்தி ஒருநாள் அவசரத்துக்கு ஓர் அட்டையை எடுத்துப் போன் பேசிவிட்டார் என்று வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆல்பங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. பொதுத் தொலைபேசியைத்தான் காணோம்.

நவீன கார்டில் அருமை என்பது அச்சகத்தில் தீர்மானிக்கும் எண். ஓர் ஆட்டக்காரரின் ஒரே ரூக்கி கார்டு, அதாவது அறிமுகக் காலக் கார்டு, சாதாரணம், வெள்ளி, சிவப்பு, நீலம், 99-இல் ஒன்று, 25-இல் ஒன்று, 10-இல் ஒன்று, ஒன்றே ஒன்று என்று வரும். அதே ஆளுக்கு அதே ஆண்டில் இன்னொரு தொகுப்பு, இன்னொரு ஒன்றே ஒன்று. உங்களிடம் உள்ள சாதாரண வகைகளில் மொத்தம் எத்தனை அச்சானது என்று உறையில் எங்கேயும் போட்டிருக்காது. கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ-யின் உச்ச மதிப்பெண் 10 கிடைத்தவை எத்தனை என்ற எண்ணிக்கையை நீங்கள் பார்க்கலாம், ஆனால் வாங்கும் நாளில் பார்த்த எண் பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் போகும்.

ஆட்டக்காரர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் பட்டியலில் கூடைப்பந்தின் ஸயான் வில்லியம்சன் ஏழு, காற்பந்தின் அன்சு ஃபாத்தி நான்கு. ஃபாத்தியை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும். 17 வயதில் ஸ்பெயினுக்குக் கோல் அடித்த பையன். 2020 நவம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 2021-இல் பார்சிலோனாவில் மெஸ்ஸியின் 10-ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள், 2023-இல் பிரைட்டனுக்கு இரவல் அனுப்பினார்கள். ஸயான் 2021-22 பருவம் முழுவதும் பாதக் காயத்தால் ஆடவே இல்லை. இருவரும் சோம்பேறிகள் அல்ல. உடம்பு ஒத்துழைக்கவில்லை. "அப்படியானால் லமீன் யமால் வாங்குகிறேன், அவன் நிச்சயம்" என்கிறீர்கள். காற்பந்தில் அவன் பெரிய ஆளாக வருவான் என்று ஊருக்கே தெரியும், அந்த நம்பிக்கை விலையில் முன்கூட்டியே ஏறிவிட்டது. நீங்கள் ஜெயிக்க அவன் நன்றாக ஆடினால் போதாது, எல்லாரும் எதிர்பார்ப்பதை விட நன்றாக ஆடவேண்டும்.

காயமே படமுடியாத, ஓய்வு பெற்றுவிட்ட ஆளாக இருந்தால்? மைக்கேல் ஜோர்டானின் 1986 ஃபிளியர் ரூக்கி கார்டு, பிஎஸ்ஏ 10, 2021 ஜனவரி இறுதியில் 738,000 டாலருக்குப் போனது. அடுத்த ஆண்டே 200,000-க்குக் கீழே வந்துவிட்டது. ஜோர்டான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஊரடங்கில் வாங்க வந்த கூட்டம் வேலைக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஐம்பதாயிரம் கடன்

வேண்டாம். இதில் நான் சுற்றி வளைக்கப் போவதில்லை.

வங்கி '6 சதவீதம், ஏழு ஆண்டு' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஃபிளாட் வட்டி. முதலில் வாங்கிய 50,000-க்கே ஏழு ஆண்டும் வட்டி போடுவார்கள், நீங்கள் அடைத்த பகுதிக்கும் சேர்த்து. மொத்த வட்டி 21,000, மாதத் தவணை 845 ரிங்கிட். குறைந்து வரும் கடன் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ பத்தரை சதவீதம். பெட்டிகள் ஆண்டுதோறும் அதைத் தாண்டி ஏறி, விற்கும் கட்டணத்தையும் தாண்டி ஏறினால்தான் உங்களுக்கு முதல் காசு. அதுவரை மாதம் 845 சம்பளத்திலிருந்து போகும். பெட்டி வாடகையும் தராது, ஈவுத்தொகையும் தராது.

டாப்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்ன தகவல் சரி. 2025 அக்டோபரிலிருந்து என்.பி.ஏ. உரிமம் ஃபனாட்டிக்ஸ் நிறுவனத்திடம், டாப்ஸ் அதன் கையில். ஆனால் இந்தச் செய்தி பாயான் லெப்பாஸ் கேன்டீனுக்கு வந்து சேர்வதற்கு வெகு முன்பே அமெரிக்காவின் பெரிய வியாபாரிகளுக்கு வந்துவிட்டது. அவர்கள் நிறுவன விலைக்குக் கொள்முதல் செய்கிறார்கள். நீங்கள் வாங்கும் விலையில் அவர்களுடைய லாபமும், கப்பல் கூலியும், 500 ரிங்கிட்டுக்குள் இணையத்தில் வாங்கும் இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் வரும் 10 சதவீத விற்பனை வரியும் சேர்ந்திருக்கும். வெளியீட்டு வாரத்தில் ஆரவாரம் அதிகம், அதனால் விலையும் அதிகம்.

இன்னொன்று சின்ன விஷயம் போலத் தெரியும், அப்படி இல்லை. பினாங்கு ஈரக்காற்று. பளபளப்பான குரோம் கார்டு ஈரத்தில் வளையும். நீங்கள் அனுப்பிய புகைப்படத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருக்கிறீர்கள், சுவரில் ஈரக் கறை தெரிகிறது. அதை இன்றைக்கே நகர்த்துங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடும் பெட்டியில் வையுங்கள். கறையானுக்கு பிஎஸ்ஏ 10-உம் பழைய நாளிதழும் ஒன்றுதான்.

சேமநிதியை மறுபடி தொடாதீர்கள். 2024-க்கு அது 6.30 சதவீதம் ஈவு கொடுத்தது. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தாலும் நீங்கள் எடுத்த 8,000 இன்னும் 25 ஆண்டில் 34,000-ஐத் தாண்டியிருக்கும், ஒரு தபால்காரரையும் எதிர்பார்க்காமல்.

நண்பர்களின் 9,000

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். உங்கள் சொந்தப் பணத்தை இழந்தால் அது நட்டம். மற்றவர்கள் பணத்தைத் திரட்டினால் சட்டம் உள்ளே வரும்.

நண்பர்களிடம் "முதல் பத்திரம், ஆண்டுக்கு 20 சதவீதம் தருகிறேன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திருப்பித் தருவதாக உறுதி கூறிப் பொதுமக்களிடம் பணம் வாங்குவது உரிமம் இல்லாத வைப்புத்தொகை வசூல் என்று 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் 137-ஆம் பிரிவில் மாட்டலாம். அதற்குத் தண்டனை பத்து ஆண்டு வரை சிறை, 50 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம். உறுதி ஒன்றும் கூறாமல் 'லாபத்தில் பங்கு' என்று திரட்டினாலும், அது 2016-ஆம் ஆண்டின் இன்டரஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டத்துக்குள் வருமா என்று வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய நிலை. மூன்று நண்பர்களுக்காக யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்று நினைக்கலாம். மூன்று பேர் முப்பது பேராகும்போதும், ஒருவர் கோபத்தில் புகார் கொடுக்கும்போதும் தட்டுவார்கள். நம் ஆட்கள் தோட்டத்துக் காலத்திலிருந்து பிடித்து வந்த கூட்டு எனும் சீட்டையே 1971-இல் தனிச்சட்டம் போட்டுத் தடை செய்த நாடு இது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. உங்கள் திட்டம் அந்தக் கூட்டு அல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான். பணம் இன்னும் வாங்கவில்லை என்கிறீர்கள். வாங்காதீர்கள்.

அக்காவின் 10,000 வேறு. அது மகளின் படிப்புக்கு வைத்திருந்தது, அடுத்த ஆண்டு அந்தப் பெண் எஸ்.பி.எம். எழுதுகிறாள். 'இரண்டு வருஷத்தில் டபுள்' என்று சொல்லியிருக்கிறீர்கள். அக்கா அதைக் கடனாக நினைக்கிறாரா, பங்காக நினைக்கிறாரா? உங்களுக்கே தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நீங்கள் அதைக் கடனாகவே நினைத்துக்கொள்ளுங்கள். 'டபுள்' பேச்சை நீங்களே போய்த் திரும்பப் பெறுங்கள், வாட்ஸ்அப்பில் இல்லை, நேரில்.

அடைக்கும் வழி இருக்கிறது. முதலில் அந்த 11 பெரிய கார்டில் விற்கக்கூடியவற்றை விற்றுக் கிரெடிட் கார்டை முழுசாக அடையுங்கள். அக்காவுக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்று மனசு சொல்லும், ஆனால் 18 சதவீதத்தில் ஓடுவது கிரெடிட் கார்டு. அது முடிந்ததும் இப்போது குறைந்தபட்சமாகக் கட்டும் 700 ரிங்கிட் மாதாமாதம் விடுபடும். அதை அப்படியே அக்காவுக்குத் திருப்புங்கள். பதினான்கு மாதத்தில் 9,800. அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏறக்குறைய நேரத்துக்கு வந்துவிடும். விற்றும் கிரெடிட் கார்டு அடையவில்லை என்றால் ஏ.கே.பி.கே.-க்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம், கட்டணம் கிடையாது, பினாங்கிலும் கிளை உண்டு. அங்கே போவது அவமானம் என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டு கந்துவட்டிக்கார ஆ லோங்கிடம் போய் நிற்பதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

போலி ஸ்லாப்

சான்று எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தபோது சரியாக வந்தது, அதனால் ஏமாந்தேன் என்கிறீர்கள். போலிக்காரர்கள் உண்மையான ஒரு ஸ்லாபின் எண்ணைத்தான் நகல் எடுக்கிறார்கள். எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அந்த எண்ணுக்குரிய படம் இருந்தால், ஓரங்களின் அகலம், அச்சுப் புள்ளி, லேபிள் எழுத்து மூன்றையும் உங்கள் கையில் உள்ளதோடு ஒப்பிடவேண்டும்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழிகளில் நீங்கள் நினைப்பது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், நல்ல இடம்தான். ஆனால் அது பயனீட்டாளருக்கானது. வியாபாரத்தில் மறுபடி விற்பதற்காகவே வாங்கியவரைச் சட்டம் பயனீட்டாளராகக் கருதாது. விற்றவருக்கு நீங்கள் அனுப்பிய செய்தியிலேயே "ஃபிளிப் பண்ணத்தான் வாங்குகிறேன்" என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். விற்றவரும் தொழிலாக விற்பவராக இருக்கவேண்டும்.

உங்கள் தொகை 4,200 என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை பொருத்தமாக இருக்கும். அங்கே வரம்பு 5,000 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம். அதற்கு முன் போலீஸ் புகார் கொடுங்கள். தெரிந்தே போலியை விற்றிருந்தால் அது ஏமாற்றுக் குற்றம். விளம்பரத்தின் படம், உரையாடல், பணம் போட்ட ரசீது எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாபை உடைக்காதீர்கள், அதுதான் சாட்சி. மோசடிப் புகாருக்கான 997 எண் இப்போது உங்களுக்கு அவ்வளவு பயன்படாது, பணம் போட்ட சூட்டோடு அழைக்கவேண்டிய எண் அது. அடுத்த தடவை பணம் போடுவதற்கு முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் "இப்படியே வேறு யாருக்காவது தள்ளிவிடலாமா" என்று எழுதி, அப்புறம் அடித்திருக்கிறீர்கள். அடித்தது நல்லது. தெரிந்த பிறகு விற்றால் நீங்களும் அந்த ஆளும் ஒன்று.

வரி

'மலேசியாவில் தனியாளுக்கு மூலதன ஆதாய வரி இல்லை, அதனால் எல்லாம் வரியில்லாத லாபம்' என்பது பாதி உண்மை. எப்போதோ சேர்த்ததை ஒருமுறை விற்பது வேறு, லாப நோக்கில் தொடர்ந்து வாங்கி விற்பது வேறு. இரண்டாவதை வருமான வரி வாரியம் வியாபாரமாகப் பார்க்கலாம். அப்படியானால் லாபம் வருமானம், வணிகப் பதிவும் தேவைப்படும். அந்த எக்செல் தாளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டு பத்திரமாக வையுங்கள். இப்போதைய நிலையில் வரி போட உங்களிடம் லாபம் இல்லை என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஆட்டத்தை விட்டே போகச் சொல்லவில்லை. ஆறு வயது மகள் உறை பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மாதம் 100, 150 ரிங்கிட் என்று மனைவியும் நீங்களும் சேர்ந்து ஓர் எல்லை வைத்து, இருவரும் பிரித்து விளையாடுங்கள். அது செலவு. ரொட்டி சானாய் மாதிரி, சாப்பிட்டால் தீர்ந்தது. சில கார்டை வைத்துக்கொள்ளவும் செய்யுங்கள், ஆனால் எதை வைத்திருக்கிறீர்கள் என்பதற்குப் பிடிக்கும் என்பதே காரணமாக இருக்கட்டும்.

கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். 140-இலிருந்து மூன்று கார்டை எடுங்கள்: பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, செயலி 80 ரிங்கிட் என்று காட்டும் சின்னது ஒன்று. மூன்றையும் இந்த மாதமே விற்றுவிடுங்கள். எக்செல் தாளில் 'மதிப்பு' பத்திக்குப் பக்கத்தில் 'வங்கியில் வந்தது' என்று புதுப் பத்தி ஒன்று போடுங்கள். அந்தப் பத்தியை மனைவி தட்டச்சு செய்யட்டும். மூன்று எண்ணும் வந்ததும் எனக்கு எழுதுங்கள், கடனைப் பற்றி அப்போது பேசுவோம்.